ரெனுவாரின் மேடம் ஷார்ப்பாந்தியே ஓவியம்: இதில் இம்ப்ரெஷனிஸம் எங்கே இருக்கிறது?

நீலப்பென்சில்:

ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி. இங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், யாராவது பொறுமையாகப் பதில் சொல்வீர்கள் என்று போடுகிறேன்.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1878-ல் வரைந்த ‘மேடம் ஜார்ஜ் ஷார்ப்பாந்தியேயும் அவர் குழந்தைகளும்’, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருப்பது. பார்த்திருப்பீர்கள். செல்வந்தர் வீட்டு அறை, சோபாவில் கறுப்பு உடையில் அம்மா, பக்கத்தில் ஒரு குழந்தை, இன்னொரு குழந்தை கீழே படுத்திருக்கும் பெரிய நாயின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. பின்னால் ஜப்பானியச் சுவர்த்திரைகள், ஒரு மூங்கில் நாற்காலி, பழமும் பூவும் வைத்த சின்ன மேஜை. இம்ப்ரெஷனிஸக் குடும்ப ஓவியம் என்றாலே இதைத்தான் எல்லாப் புத்தகங்களிலும் போடுகிறார்கள்.

என் பிரச்சினை இதுதான். இம்ப்ரெஷனிஸ்டுகள் திறந்த வெளியில் போய் வரைந்தார்கள், மாறிக்கொண்டே இருக்கும் வெளிச்சத்தைப் பிடித்தார்கள், கறுப்பை ஒதுக்கினார்கள், நடுவர்கள் படம் தேர்ந்தெடுக்கும் பாரிஸின் அரசு சலோன் கண்காட்சியை எதிர்த்துக்கொண்டு தனியாகக் கண்காட்சி வைத்தார்கள் என்றெல்லாம் படிக்கிறோம். இந்தப் படம் வீட்டுக்குள் வரைந்தது, பணக்காரக் குடும்பம் காசு கொடுத்து வரையச் சொன்னது, அம்மாவின் உடை முழுக்கக் கறுப்பு, போதாததற்கு 1879-ல் அதே சலோனில் மாட்டிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறது. எந்த விதத்திலும் பொருந்தவில்லையே. பெயர் ரெனுவார் என்பதால் மட்டும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்களா?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அந்த அம்மா ஏன் இவ்வளவு விலகி இருக்கிறார்? குழந்தைகளை அணைத்துக்கொள்ளவில்லை, கொஞ்சவில்லை, பார்வை அவர்கள் மேல் நிற்பதாகவே தெரியவில்லை. தாயும் பிள்ளைகளும் என்ற தலைப்புக்கு இது கொஞ்சம் அதிகப்படியான கம்பீரம் இல்லையா?

கடைசியாக ஒரு சின்ன சந்தேகம். பார்த்தால் இரண்டும் பெண் குழந்தைகள் போலத்தான் இருக்கிறது, ஒரே மாதிரி கவுன். ஆனால் ஒரு இடத்தில் மகன் என்று போட்டிருந்தது. அச்சுப்பிழையா?

பழையபக்கம்:

கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதைக்குப் பதில், மற்றதை ஓவியம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பிழை இல்லை. நாயின் மேல் இருப்பது ஜார்ஜெட், ஆறு வயது. அம்மாவின் பக்கத்தில் சோபாவில் இருப்பது அவள் தம்பி, பெயர் போல் (Paul), மூன்று வயதுப் பையன். அந்தக் காலத்து ஐரோப்பாவில் சின்னப் பையன்களுக்கும் கவுன்தான், தலைமுடியையும் நீளமாகவே விடுவார்கள். பணக்கார வீடு, ஏழை வீடு என்றெல்லாம் வித்தியாசம் இல்லை. கால்சட்டைக்குப் பொத்தான் போட்டு அவிழ்க்கிற வயது வரும்வரை அதுதான் வசதி, குழந்தை வளர வளர கவுனை இறக்கித் தைத்துக்கொள்ளவும் முடியும். ஐந்து, ஆறு, ஏழு வயது வாக்கில் ஒருநாள் கால்சட்டை மாட்டிவிடுவார்கள், சில நாடுகளில் அது வீட்டு விசேஷமாகவே நடந்தது. ஆனால் அக்காவுக்கும் தம்பிக்கும் அச்சு அசலாக ஒரே மாதிரி உடுத்தியிருப்பது ஷார்ப்பாந்தியே அம்மாவின் ரசனை. நாகரிகம் தெரிந்த வீடு என்று காட்டுவதில் அவருக்கு அக்கறை உண்டு.

போலின் முழுப் பெயர் போல் எமில் ஷார்ல். நடுவில் இருக்கும் எமில் யார் என்று நினைக்கிறீர்கள்? நாவலாசிரியர் எமில் ஸோலா. அவர்தான் அந்தப் பையனுக்கு ஞானத்தந்தை.

தூரிகைத்துளி:

நீலப்பென்சில், நீங்கள் சொன்ன அடையாளங்களில் பெரும்பாலானவை இம்ப்ரெஷனிஸ்ட் குழுவில் மோனேக்குப் பொருந்தும், பிஸ்ஸாரோவுக்குப் பொருந்தும். அந்தக் குழு ஒரே அச்சில் வார்த்த ஆட்கள் கிடையாது. அதே குழுவில் இருந்த தெகா வெளியில் உட்கார்ந்து வரைவதைக் கிண்டலே செய்தவர், கறுப்பை ஒதுக்கியவரும் இல்லை. ரெனுவாரும் கறுப்பை விடவே இல்லை, கறுப்புதான் நிறங்களின் ராணி என்று வயதான காலத்தில் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. ஆகவே அந்தப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் படத்தையே பாருங்கள்.

முதலில் முகங்கள். மூன்று முகங்களையும் மெழுகிய மாதிரி மிருதுவாக வரைந்திருக்கிறார். தூரிகைத் தடம் அநேகமாகத் தெரியாது. கன்னம், உதடு, கண் எல்லாம் இழைத்து இழைத்துப் போட்டது. இந்தப் பகுதியை மட்டும் வெட்டிக் காட்டினால் எந்தச் சலோன் நடுவரும் தலையாட்டுவார். ரெனுவார் பதின்ம வயதில் பீங்கான் பாத்திரங்களுக்குச் சித்திரம் எழுதும் பட்டறையில் வேலை பார்த்தவர், அந்தக் கைப்பழக்கம் முகம் வரையும்போதெல்லாம் எட்டிப் பார்க்கும்.

இப்போது முகத்தை விட்டு வெளியே வாருங்கள். குழந்தைகளின் கவுனைப் பாருங்கள். தூரத்தில் வெள்ளையும் வெளிர் நீலமுமான பட்டு. கிட்டே போனால் பட்டு என்று எதுவும் இல்லை, காயாத வண்ணத்தின் மேலேயே இழுத்த நீலக் கோடுகள், நடுவில் கெட்டியான வெள்ளை, அவ்வளவுதான். நாயைப் பாருங்கள், ரோமம் ரோமமாக எதுவும் வரையவில்லை, தூரிகை போன திசையே ரோமம் சாய்ந்திருக்கும் திசையாகி விடுகிறது. வலது மூலையில் இருக்கும் மேஜைக்குப் போங்கள். பழம், கண்ணாடிப் பாத்திரம், பூக்கள். அங்கே அவர் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை, யாரும் தன் மூக்கு சரியாக வரவில்லை என்று குறை சொல்லப் போவதில்லை. புள்ளியும் இழுப்புமாக இஷ்டத்துக்குப் போட்டிருக்கிறார். அந்த ஒரு சாண் இடத்தைத் தனியாகச் சட்டம் போட்டு மாட்டினால் 1874-ல் நடந்த முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் வைத்திருக்கலாம்.

அப்புறம் அந்தக் கறுப்பு. அம்மாவின் உடை ஒரு பெரிய கறுப்புத் திட்டு, எதிர்ப்பக்கம் நாயின் கறுப்பு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் குழந்தைகளின் வெளிர் நிறம். இடது கீழ் மூலையில் நாயிடம் ஆரம்பித்து ஜார்ஜெட், போல், அம்மாவின் முகம் என்று ஒரு சாய்கோடு மேலே ஏறும். கறுப்பு இல்லை என்றால் அந்தச் சிவப்பும் பொன்னிறமுமான பின்னணியில் குழந்தைகள் கரைந்தே போயிருப்பார்கள்.

எனவே என் பதில்: முகத்தில் சலோன், முகத்துக்கு வெளியே இம்ப்ரெஷனிஸம். தெரிந்தேதான் இரண்டையும் ஒரே கித்தானில் வைத்திருக்கிறார். அளவும் சாதாரணம் இல்லை, ஏறக்குறைய 154 சென்டிமீட்டர் உயரம், 190 அகலம். இவ்வளவு பெரிய கித்தானில் முகத்தைப் புள்ளி புள்ளியாகப் போட்டு அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். 1876-ல் வெயிலும் இலை நிழலும் விழுந்த ஒரு பெண்ணுடலை வரைந்து வைத்ததற்கு, ஆல்பெர் வோல்ஃப் என்ற விமர்சகர் ஃபிகாரோ பத்திரிகையில் அழுகும் சதை என்கிற அளவுக்கு எழுதிவிட்டார். அதை மறந்திருக்க மாட்டார்.

கறுப்புமை:

தூரிகைத்துளி சொன்னது சரி, ஆனால் படத்தின் பாதிக் கதை படத்துக்கு வெளியில் இருக்கிறது. அந்த அம்மாவின் கம்பீரத்துக்கும் விடை அங்கேதான்.

மார்கரித் ஷார்ப்பாந்தியே வெறும் பணக்கார வீட்டு மனைவி இல்லை. கணவர் ஜார்ஜ் ஷார்ப்பாந்தியே பதிப்பாளர், ஸோலா, ஃப்ளோபேர், தோதே, மோப்பசான் என்று அன்றைய பெரிய தலைகளின் புத்தகங்களைப் போட்டவர். இந்த அம்மா வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் கூட்டம் கூட்டுவார். எழுத்தாளர், அரசியல்வாதி, நடிகை, ஓவியர் எல்லாரும் வருவார்கள். யாரை யாரோடு உட்காரவைக்க வேண்டும், யாருக்கு யாரிடம் சிபாரிசு பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். அப்படிப்பட்ட ஆளை இடுப்பில் குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கிற மாதிரி வரைந்திருந்தால் அவரே சிரித்திருப்பார். படத்தில் அவர் உட்கார்ந்திருப்பது, இது என் அறை, இவை என் பொருட்கள், இவர்கள் என் பிள்ளைகள் என்று விருந்தாளிக்கு அறிமுகம் செய்து வைக்கும் தோரணையில். அந்த உடையும் வொர்த் என்ற தையல் மாளிகையில் தைத்தது, அன்றைய பாரிஸில் அதற்கு மேல் ஒரு பெயர் கிடையாது. ஜப்பானிய அலங்காரமும் அப்படித்தான், 1878-ல் ஜப்பான் மோகம் உச்சத்தில் இருந்தது. அந்த ஆண்டுதான் பாரிஸில் உலகக் கண்காட்சியும் நடந்தது.

ஷார்ப்பாந்தியேக்கும் ரெனுவாருக்கும் தொடர்பு முன்பே உண்டு. 1875-ல் ரெனுவார், மோனே, மோரிஸோ, சிஸ்லி நான்கு பேரும் சேர்ந்து பாரிஸ் ஏல மண்டபத்தில் படங்களை ஏலம் விட்டார்கள். கூச்சலும் ரகளையுமாகிப் போலீஸ் வரவேண்டியதாயிற்று, விலையும் படுமோசம். அந்த ஏலத்தில் ரெனுவார் படத்தை வாங்கியவர்களில் ஷார்ப்பாந்தியேயும் ஒருவர். பிறகு அந்த அம்மாவைத் தனியாக வரைந்தார், ஜார்ஜெட்டைத் தனியாக வரைந்தார், கடைசியில் இந்தப் பெரிய படம்.

சலோன் விஷயம். 1879 சலோனில் ஆயிரக்கணக்கான படங்கள். சுவரில் தரையிலிருந்து கூரை வரை நெருக்கி மாட்டுவார்கள். மேலே மாட்டப்பட்டால் உங்கள் படத்தை ஈயும் பார்க்காது. ரெனுவாரின் படம் கண்ணுக்கு நேரே நல்ல இடத்தில் மாட்டப்பட்டது என்றால் அது வெறும் அதிர்ஷ்டம் இல்லை, மேடம் ஷார்ப்பாந்தியேயின் செல்வாக்கு. அதே வருடம் இம்ப்ரெஷனிஸ்டுகளின் நான்காவது கண்காட்சியும் நடந்தது. ரெனுவார் அதில் கலந்துகொள்ளவில்லை. சலோனுக்கு அனுப்புகிறவர் எங்களோடு வைக்கக்கூடாது என்பதில் தெகா கறாராக இருந்தார்.

இதைத் துரோகம் என்று சொல்கிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரெனுவாரின் அப்பா தையல்காரர், அம்மாவும் துணி தைத்தவர். மோனேயோடு சேர்ந்து சோற்றுக்கு அலைந்த காலமெல்லாம் அவருக்கு உண்டு. 1881-ல் ஓவிய வியாபாரி துரான் ரூயேலுக்கு எழுதிய கடிதத்தில் அவரே கணக்குப் போட்டுச் சொல்கிறார்: சலோனில் இல்லாத ஓவியனை ரசிக்கக்கூடியவர்கள் பாரிஸில் பதினைந்து பேர் இருந்தால் அதிகம், சலோனில் இல்லாதவனிடம் ஒரு மூக்கைக்கூட வாங்காதவர்கள் எண்பதாயிரம் பேர் என்று. பிஸ்ஸாரோ அவ்வளவு கொள்கைப் பிடிப்பானவர், அவரே இந்த வெற்றியைக் கேள்விப்பட்டு, ரெனுவார் கரையேறிவிட்டான் போலிருக்கிறது, நல்லதுதான், வறுமை கொடியது என்கிற மாதிரி ஒரு நண்பருக்கு எழுதினார். கூட இருந்து பட்டினி கிடந்தவருக்குத்தான் அது புரியும்.

சும்மாபார்வை:

எல்லாம் சரி சார், நாயின் பெயர் என்ன? அதை யாருமே சொல்லவில்லையே.

கறுப்புமை:

போர்த்தோஸ். நியூஃபவுண்ட்லாந்து இனம். ‘மூன்று மஸ்கட்டியர்’ நாவலில் வரும் தடியர் பெயர். பதிப்பாளர் வீட்டு நாய்க்கு வேறு எங்கிருந்து பெயர் வரும்.

எதிர்க்கரை:

இந்தப் படத்துக்கு இவ்வளவு வக்காலத்து தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. நீலப்பென்சில் முதலில் கேட்டதில்தான் நான் நிற்கிறேன்.

இதைப் பற்றி எழுதும் எல்லாரும் ஒரு விஷயத்தை மேற்கோள் காட்டுவார்கள். ரெனுவாரின் தம்பி எட்மோன் 1879-ல் எழுதினார், அண்ணன் இந்தப் படத்தை அந்த அம்மாவின் வீட்டிலேயே வரைந்தார், ஒரு நாற்காலி மேஜையைக்கூட அன்றாடம் இருக்கும் இடத்திலிருந்து நகர்த்தவில்லை, படத்துக்காக எதையும் ஜோடிக்கவில்லை என்று. கேட்க நன்றாக இருக்கிறது, வாழ்க்கையை அப்படியே பிடித்தார் என்ற இம்ப்ரெஷனிஸப் பேச்சுக்கும் தோதாக இருக்கிறது. ஆனால் எழுதியது யார்? சொந்தத் தம்பி. எந்தப் பத்திரிகையில்? ‘லா வி மொதெர்ன்’. அது யாருடையது? ஜார்ஜ் ஷார்ப்பாந்தியே அந்த வருடம்தான் ஆரம்பித்த பத்திரிகை. தம்பி எழுத, படத்தில் இருக்கும் அம்மாவின் கணவர் அச்சடிக்க, வெளிவந்த சான்றிதழ். நல்ல விளம்பரம், வேறென்ன சொல்வது.

அதையும் விடுங்கள். ஆறு வயதுக் குழந்தை நாய் மேல் எவ்வளவு நேரம் அசையாமல் உட்காரும்? நாய் எவ்வளவு நேரம் சும்மா இருக்கும்? வொர்த் உடையை மாட்டிக்கொண்டு எந்த அம்மா அன்றாடம் சோபாவில் சாய்ந்திருப்பார்? இது முழுக்க முழுக்க ஏற்பாடு செய்த காட்சி. அரச குடும்பங்களை வரைந்த பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் வான் டைக் காலத்திலிருந்து குழந்தைகளையும் பெரிய நாயையும் சேர்த்து வரைவது ஒரு வழக்கம், அதே வழக்கத்தைப் பதிப்பாளர் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

தாயும் குழந்தையும் வேண்டுமென்றால் பெர்த் மோரிஸோவின் ‘தொட்டில்’ பாருங்கள். 1872-ல் வரைந்தது, 1874 முதல் கண்காட்சியில் வைத்தது, இப்போது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய அக்கா எட்மா, தூங்கும் கைக்குழந்தை பிளான்ஷ், நடுவில் ஒரு மெல்லிய வலைத்துணி. குழந்தையின் முகம் அந்தத் துணிக்குப் பின்னால் பாதி தெரிந்தும் தெரியாமலும். அம்மா ஒரு கையால் கன்னத்தைத் தாங்கியிருக்கிறார், குழந்தையின் கையும் அதே மாதிரி மடங்கித் தலைப்பக்கம் போயிருக்கிறது. பக்கம் பக்கமாக எழுதினாலும் சொல்ல முடியாததை இரண்டு மடங்கிய கைகளில் சொல்லிவிட்டார். அதற்கு யாருடைய சிபாரிசும் கிடைக்கவில்லை. அப்போது விற்கவும் இல்லை, குடும்பத்திலேயே கிடந்து 1930-ல்தான் லூவ்ர் அருங்காட்சியகம் வாங்கியது.

நீலப்பென்சில்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தூரிகைத்துளி சொன்ன மேஜையைப் போய்ப் பார்த்தேன். அங்கே இருக்கும் பழத்தைத் திராட்சை என்று சொல்ல எவ்வளவு குறைவான பெயின்ட் போதுமானதாக இருந்திருக்கிறது! அதற்குப் பிறகு முகத்துக்கு வந்தால் வேறு ஆள் வரைந்த மாதிரி இருக்கிறது. ஆனால் இது திறமையா, இல்லை இரண்டு படகில் கால் வைப்பதா என்பதில்தான் எனக்கு இன்னும் தயக்கம்.

எதிர்க்கரை, தொட்டில் படம் எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அது அக்காவைத் தங்கை வரைந்தது. இது வாடிக்கையாளரை ஓவியர் வரைந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியா? ஒப்பிடுவதென்றால் குடும்பத்தார் எதிரில் உட்கார, பெரிய கித்தானில் போட்ட படம் ஏதாவது சொல்லுங்கள்.

தூரிகைத்துளி:

அதற்கு தெகா இருக்கிறாரே. ‘பெலேல்லி குடும்பம்’, அதுவும் ஓர்சேயில்தான். 1858-ல் ஃப்ளோரன்சில் ஆரம்பித்து வருடக்கணக்கில் தொட்டுத் தொட்டு, 1867 சலோனில் வைத்தது. அதாவது இம்ப்ரெஷனிஸம் என்ற பெயர் வருவதற்கு முன்னால். இரண்டு மீட்டர் உயரம், இரண்டரை மீட்டர் அகலம்.

அங்கேயும் கறுப்பு உடை அம்மா, இரண்டு பிள்ளைகள், நாய்கூட உண்டு. ஆனால் அந்தக் கறுப்பு துக்கக் கறுப்பு. அந்த அம்மா லாவ்ரா, தெகாவுக்கு அத்தை. சமீபத்தில் தகப்பனாரை இழந்தவர், அவருடைய படம் பின்னால் சுவரில் மாட்டியிருக்கிறது. ஒரு மகள் ஜோவான்னா அம்மாவை ஒட்டி நிற்கிறாள், அம்மாவின் கை அவள் தோளில். நடுவில் இன்னொரு மகள் ஜூலியா, நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, முகத்தை அப்பா பக்கம் திருப்பியபடி. அப்பா நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் நாற்காலியில். கணவன் மனைவி ஒத்துப்போகாத வீடு, பார்த்த உடனேயே தெரிந்துவிடும். சின்ன நாய் ஒன்று படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, அறையை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. எனக்கென்னவோ அந்த வீட்டில் அதற்கு மட்டும்தான் புத்தி இருந்தது என்று தோன்றும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாவ்ரா மகளைத் தொடுகிறார், அதில் கதகதப்பு எதுவும் இல்லை. மேடம் ஷார்ப்பாந்தியே அணைக்கவில்லை, ஆனால் அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் எவ்வளவு சுலபமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். யாரும் அவர்களைக் கேமரா பார்க்கச் சொல்லவில்லை. ரெனுவார் பாசத்தை அம்மாவிடம் தேடாமல் அந்த இரண்டு குழந்தைகளுக்கு நடுவில் வைத்துவிட்டார், அம்மாவை மேலே இருந்து எல்லாவற்றையும் தாங்கும் சுவர் மாதிரி விட்டுவிட்டார். நீலப்பென்சில் கேட்ட அந்த விலகலுக்கு என் விளக்கம் இது.

எதிர்க்கரை சொன்ன ஏற்பாடு விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. ஏற்பாடு செய்யாத உருவப்படம் என்று ஒன்று இருக்கிறதா என்ன? 1874 கோடையில் பாரிஸ் பக்கத்து அர்ஜாந்தேயில் மோனே வீட்டுத் தோட்டத்தில் மோனேயின் மனைவி கமீலும் மகன் ஜானும் புல்லில் உட்கார்ந்திருக்க மானே (மோனே இல்லை, எடுவார் மானே என்ற வேறு ஓவியர்) வரைந்துகொண்டிருந்தார். ரெனுவார் வந்து, அதைப் பார்த்து ஆசைப்பட்டு, பெட்டியும் தூரிகையும் கடன் வாங்கிப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவரும் வரைந்தார். இரண்டு படமும் இருக்கிறது, மானேயுடையது மெட்ரோபாலிட்டனில், ரெனுவாருடையது வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில். ரெனுவாரைக் காட்டி, அந்தப் பையனுக்குத் திறமையே கிடையாது, நண்பன் என்கிற முறையில் ஓவியத்தை விட்டுவிடச் சொல் என்று மானே தன் காதோடு சொன்னதாக மோனே பிற்காலத்தில் ஒரு கதை சொல்வார். அந்தத் தோட்டப் படத்தில்கூட அம்மாவும் மகனும் இரண்டு ஓவியர்களுக்காக உட்கார்ந்திருந்தவர்கள்தான். அங்கே ஒரு கோழி மட்டும் தானாக வந்து சேர்ந்தது.

எதிர்க்கரை:

கோழி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். மற்றதில் என் கட்சி மாறவில்லை. ரெனுவார் அந்த அம்மாவுக்கு என்ன வேண்டுமோ அதை வரைந்து கொடுத்தார், தெகா தன் அத்தைக்கு வேண்டாததை வரைந்தார். எனக்கு இரண்டாவது ஆள்தான் பெரியவர். சலோனில் இந்தப் படத்தோடு ரெனுவார் நடிகை ஜான் சமாரியின் முழுஉருவப் படத்தையும் வைத்தாரே, அதைப் பற்றி எவ்வளவு பேர் பேசினார்கள்? இதைப் பேசினார்கள் என்றால் படத்தில் இருப்பவர் யார் என்பதும் ஒரு காரணம்.

பழையபக்கம்:

எதிர்க்கரை சொன்ன கணக்கைக் காலம் கொஞ்சம் திருப்பிப் போட்டது, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

படத்தில் இருக்கும் அந்தச் செழிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ‘லா வி மொதெர்ன்’ பத்திரிகை ரெனுவாருக்கு நல்லது செய்தது, 1879-லேயே அதன் கூடத்தில் அவருடைய பாஸ்டல் (வண்ணக்கட்டி) ஓவியங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தார்கள். முதலாளிக்கு அவ்வளவு நல்லது செய்ததாகத் தெரியவில்லை. 1895-ல் போல் இருபது வயதில் இறந்துபோனான், இராணுவச் சேவையில் இருந்தபோது. அடுத்த ஆண்டு ஜார்ஜ் ஷார்ப்பாந்தியே பதிப்பகத்தைக் கூட்டாளி ஃபாஸ்கெல்லிடம் விட்டுவிட்டார். 1904-ல் மார்கரித், 1905-ல் ஜார்ஜ் என்று இருவரும் போய்விட, 1907 ஏப்ரலில் சொத்துகள் பாரிஸில் ஏலத்துக்கு வந்தன. அதே துருவோ ஏல மண்டபம், 1875-ல் போலீஸ் வந்ததே, அந்த இடம்தான்.

இந்தப் படம் 84,000 பிராங்குக்குப் போனது. வாங்கியவர் துரான் ரூயேல், மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்காக. கேத்தரின் வுல்ஃப் என்ற சீமாட்டி இறக்கும்போது தன் ஓவியச் சேகரிப்போடு அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போன பணத்திலிருந்து கொடுத்தார்கள். 1907-ல் ஒரு அமெரிக்க அருங்காட்சியகம் உயிரோடு இருக்கும் இம்ப்ரெஷனிஸ்ட் ஒருவரின் படத்துக்கு இவ்வளவு கொடுப்பது சாதாரண விஷயம் இல்லை. ரெனுவார் அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் இருந்தார், 1919-ல்தான் காலமானார். அந்த ஏலத்தின்போது மேடம் ஷார்ப்பாந்தியேக்கு யாரிடமும் எந்தச் செல்வாக்கும் மிச்சமில்லை. படம் தன் கால்களில்தான் நின்றது.

எதிர்க்கரை:

84,000 பிராங்க் என்பது ரசனைக்குச் சாட்சியா, சந்தைக்குச் சாட்சியா என்று திரும்பக் கேட்பேன். வேண்டாம், இத்தோடு விடுகிறேன்.

நீலப்பென்சில்:

பையன் இருபது வயதில் போய்விட்டான் என்று தெரிந்தபிறகு படத்தை அதே மாதிரி பார்க்க முடியவில்லை. அது படத்தின் தகுதி இல்லை என்று தெரியும், இருந்தாலும்.

கறுப்புமை சொன்ன மற்ற இரண்டு படங்கள், அம்மாவைத் தனியாகவும் ஜார்ஜெட்டைத் தனியாகவும் வரைந்தது, அவை எங்கே இருக்கின்றன? இந்த ஓவியத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கும்படி எங்கே கிடைக்கும்? என்னிடம் இருக்கும் பிரதியில் பின்னணி எல்லாம் ஒரே காவி நிறமாகத் தெரிகிறது.

கறுப்புமை:

அம்மாவின் மார்பளவுப் படம் ஓர்சேயில், 1876, 77 வாக்கில் வரைந்தது. அதிலும் கறுப்பு உடைதான், ஆனால் ஆள் கொஞ்சம் சிநேகமாக இருப்பார். ஜார்ஜெட் 1876-ல் வரையப்பட்டது, டோக்கியோவில் ஆர்ட்டிஸான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரியவர்கள் உட்காரும் பெரிய நாற்காலியில் நீல உடை போட்டுக்கொண்டு, கால் மேல் கால் போட்டு, பக்கத்து வீட்டு வழக்கைத் தீர்த்துவைக்க வந்த பெரிய மனுஷி மாதிரி சிரித்துக்கொண்டிருப்பாள். எதிர்க்கரைக்கும் அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பெரிய படத்துக்கு மெட்ரோபாலிட்டனின் இணையதளத்துக்கே போங்கள். காப்புரிமை காலாவதியான படங்களை 2017-லிருந்து அவர்கள் இலவசமாக, எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் கொடுக்கிறார்கள், இதுவும் அதில் உண்டு. பட எண் 07.122 என்று போட்டுத் தேடினால் நேராக வந்துவிடும். போன் திரையில் வேண்டாம், கம்ப்யூட்டரில் முழு அளவில் இறக்கிக்கொண்டு முதலில் தரைவிரிப்பையும் நாயின் முதுகையும் பாருங்கள். முகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.